புதுப்பித்தலும் மறுகட்டுதலும்: கைக்கட்டு லினக்ஸ் குறித்த ஓர் ஆய்வு

மூலநிரலை ஒவ்வொன்றாக இறக்கி, கம்பைல் செய்து, ஒருவர் தம் கையாலேயே எழுப்பிக்கொள்ளும் இயங்குதளம் கைக்கட்டு லினக்ஸ் எனப்படும். இத்துறையின் மூலநூல் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’. 1999-இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கியது. ஏறக்குறைய எண்பது பேக்கேஜ்கள், அவற்றைக் கட்டும் வரிசை, நடுநடுவே எச்சரிக்கைகள் என்று நூல் நடக்கும். ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பு வருவது வழக்கம். ஆகவே கட்டி முடித்தவரின் மனநிறைவுக்கு ஆயுள் ஆறு மாதம். அதன்பின் எழுவதே இங்கு ஆராயப்படும் வினா: இருப்பதைப் புதுப்பிப்பதா, முதலிலிருந்து கட்டுவதா?

இவ்வினாவில் அறிஞர் இரு மரபினர். ஓடுகிற சிஸ்டத்தின்மீதே புதிய பதிப்புகளை ஏற்றிக்கொண்டு போவோர் புதுப்பிப்போர். வேறு பார்ட்டிஷனில் அத்தியாயம் ஒன்றிலிருந்து ஆரம்பிப்போர் மறுகட்டுவோர். ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பழைய சிஸ்டத்திலேயே காலம் தள்ளுவோர் மூன்றாம் மரபினர். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி என்று கருத இடமுண்டு. கொள்கை எதுவும் இல்லாததால் ஆய்வுக்கு உட்படுவதில்லை.

புதுப்பிப்போரின் வாதத்துக்கு வலுவான சான்று கெர்னல். மேலே ஓடும் நிரல்களைக் கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியானவர். எனவே கெர்னலை மட்டும் மாற்றினால் வேறெதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. இந்த எளிமையில் மயங்கியே பலரும் அடுத்த படியில் கால் வைக்கின்றனர்.

அடுத்த படி, பகிர்வு லைப்ரரிகள். இவற்றின் பெயரோடு ஓர் எண் ஒட்டியிருக்கும். அந்த எண் மாறினால், அதை நம்பியிருந்த நிரல்கள் அத்தனையையும் மறுபடி கட்ட வேண்டும். 2021 செப்டம்பரில் மறையாக்கப் பேக்கேஜான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-லிருந்து 3.0-க்குத் தாவியபோது அதன் லைப்ரரியான லிப்கிரிப்டோவின் எண் 1.1-லிருந்து 3 ஆயிற்று. சுத்தம் பேணுவோர் பழைய லைப்ரரியை உடனே அழித்தனர் என்று கொள்வோம். புதிய மூலநிரலை இறக்கக் கர்ல் வேண்டும்; கர்ல் ஓடப் பழைய லிப்கிரிப்டோ வேண்டும்; அதுதான் அழிந்துவிட்டதே! வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வரலாம் என்றால், அதுவும் அதே லைப்ரரியைக் கேட்கும். சார்ந்தவை எல்லாம் மறுபடி கட்டப்படும்வரை பழையதைத் தொடலாகாது என்பது இத்துறையின் தலையாய விதி. புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டு ஏமாற்றுவோரும் உளர். சில வேளை அது ஓடவும் செய்யும். அதுவே அதிலுள்ள தீமை.

ஆயினும் இத்துறையின் உச்சக்கட்டம், சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி. ஏறத்தாழ எல்லா நிரல்களும் இதன்மீதே நிற்கின்றன. இதுவும் இதனுடன் வரும் லோடரும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். நிறுவும்போது ஒன்று மாறி மற்றது மாறாத அந்த நொடியில், கோப்பை நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையே உயிர் விடும். நிறுவல் பாதியில் நிற்கும். அதன்பின் ‘எல்எஸ்’ வராது, ‘எம்வி’ வராது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாஷ் ஷெல் மட்டும் எஞ்சும். ‘எக்கோ’வும் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டால் கோப்புப் பெயர்கள் ஒரே வரியில் வந்து விழும், ஏனெனில் எக்கோ பாஷின் உள்ளேயே இருப்பது. அந்த ஜன்னலை மூடாதவரை நம்பிக்கை உண்டு. எந்தப் பகிர்வு லைப்ரரியையும் சாராத ‘எஸ்எல்என்’ என்ற சிறு கருவியை ஜிலிப்சியே உடன் தருகிறது, அறுந்த சிம்லிங்கைக் கட்டுவதற்கு. இப்படியெல்லாம் நடக்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

மறுகட்டுவோர்க்கு இந்தப் பதற்றம் இல்லை. திருப்பணி முடியும்வரை மூலவர் பாலாலயத்தில் இருப்பதுபோல், புதியது எழும்வரை பழைய சிஸ்டமே அன்றாட வேலையைப் பார்க்கும். பிறகு கிரப் மெனுவில் ஒரு வரி கூடும், அவ்வளவே. ‘ஹோம்’ தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் கோப்புகளுக்கும் சேதமில்லை. செலவு நேரம்தான். அந்நேரத்தை அளக்க நூல் ஓர் அலகு வைத்திருக்கிறது: பின்யூட்டில்ஸை முதன்முறை கட்ட ஆகும் நேரம் ஒன்று. கம்பைலரான ஜிசிசியைச் சோதனைகளோடு கட்டினால் அதுபோல் பல பத்து மடங்கு. கணினிக்குக் கணினி நீளம் மாறும் அளவுகோல் அறிவியலில் அரிது. கையால் கட்டிக் கற்கவென்று எழுந்த நூலைத் தானே படித்துத் தானே கட்டும் ‘ஜேஹெச்ஏஎல்எஃப்எஸ்’ என்ற கருவியும் வந்துவிட்டது. அது கற்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

இரு மரபினரும் வாய் திறக்காத இடம் ஒன்றுண்டு, நினைவாற்றல். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜால் வந்தது என்று குறித்துவைக்கும் வழிகள் பலவற்றை நூல் விளக்குகிறது, எதையும் கட்டாயமாக்கவில்லை. பைத்தான் 3.12-லிருந்து 3.13-க்குப் போனால் மாட்யூல்கள் பழைய அடைவிலேயே கிடக்கும். அவற்றை நிறுவியது யார், எதற்காக என்று நிறுவியவருக்கே தெரியாது. புதுப்பித்த சிஸ்டம் முதுமையடைவது இவ்வாறே.

கிடைத்த சான்றுகளால் துணியப்படுவது இது. கெர்னலையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் உடனுக்குடன் புதுப்பிக்க. ஜிலிப்சி மாறினாலோ, 2021-இல் 11.0 பதிப்பு ‘பின்’, ‘லிப்’, ‘எஸ்பின்’ அடைவுகளை ‘யூஎஸ்ஆர்’-க்குள் சேர்த்ததுபோல் அமைப்பே மாறினாலோ, மறுபடி கட்டுக. இதற்கும் மேல் ஜிலிப்சியின்மீது கைவைத்தே தீருவோம் என்போர், லைவ் யூஎஸ்பி ஒன்றை முதலில் தயார் செய்துகொள்க. உடைந்த பிறகு அதைத் தயாரிக்கவும் ஒரு கணினி வேண்டும்.