கட்டில் எங்கே?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகளை வீட்டு நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்க்க ஆசை. ஆறே மாதத்தில் நர்ஸ் ஆக்குவதாக ஃபிளக்ஸ் வைத்திருக்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: நர்ஸ் படிப்புகளில் ஏ.என்.எம்.முக்கே 2 வருஷம், ஜி.என்.எம்.முக்கு 3 வருஷம். ஆறு மாத நர்ஸ் ஃபிளக்ஸில் மட்டும்தான் சிரிப்பார். பராமரிப்பு உதவியாளர் வேலை வேறு; கௌரவமான வேலைதான், ஆனால் ஊசி போடுவது அதில் சேராது.

பயிற்சி மையத்துக்குப் போனதும் ஃபீஸைக் கேட்காதீர்கள். "பழகக் கட்டில் எங்கே?" என்று கேளுங்கள். படுத்த படுக்கையானவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும். அடியில் விரித்த துணியைப் பிடித்து, தாத்தாவின் தோல் உரசாமல், தன் இடுப்பும் பிடித்துக்கொள்ளாமல் புரட்டுவதை நோட்ஸ் எழுதிக் கற்க முடியாது. கம்பம் பன்னீர் திராட்சையையே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?

சான்றிதழில் ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் பெயர் வருமா என்று பாருங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சி ஏதும் நடக்கிறதா என்று தேனியில் முதலில் விசாரியுங்கள். 'நூறு சதவீத வேலை' என்பவரிடம், போன வருஷம் படித்த இரண்டு பேரின் போன் நம்பர் கேளுங்கள். அவர் டீ சொல்ல ஆரம்பித்தால், குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.