ஏழு கிலோ கடல்

"கடல்தான் பக்கத்துலேயே இருக்கே சகலை, நாலு குடம் மொண்டுட்டு வந்து ஊத்தினா ஆச்சு" என்று போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னவர் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இருக்கிறது. சாம்பாரை நினைத்தால் கூடுதலாகவே இருக்கிறது.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அடுத்தவன் ஒரு காரியத்தை மாதக்கணக்கில் யோசித்து, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தால், அரை நிமிடத்தில் அதற்கு ஒரு சுலப வழி சொல்லாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. நானும் அப்படித்தான், ஆனால் நான் சொல்வது சரியாக இருக்கும்.

வீட்டில் உப்புத் தண்ணீர் மீன் தொட்டி வைக்கப் போகிறேன். என்ன மீன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் தண்ணீரை முடித்துவிடுகிறேன். ஒரு பத்தி போதும்.

குடியிருப்பது திருவான்மியூரில். மொட்டை மாடியில் நின்றால் வங்காள விரிகுடா தெரியும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கரையோரத் தண்ணீரில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்க்கும் சமாச்சாரங்கள் கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பும் நீர்த்துப்போகும். படகேறி உள்ளே போய் எடுக்க வேண்டும். எனக்கு ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே கடலைக் கடையில் வாங்குவது என்று முடிவு. கொளத்தூர் மீன் கடைகளில் கடல், பையில் போட்டுக் கிடைக்கிறது. ரசத்துக்குப் போடும் உப்பல்ல இது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று கடலில் உள்ளதையெல்லாம் அளந்து சேர்த்த உப்பு. லிட்டருக்கு 35 கிராம். தொட்டி 200 லிட்டர். ஆக, 7 கிலோ கடல்.

எதில் கரைப்பது? குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. தென்சென்னைக் குழாய்களுக்கு ஒரு பங்கு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நெம்மேலியிலிருந்து. நெம்மேலிக்கு? கடலிலிருந்து. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2013 முதல் அங்கே ஓடுகிறது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. அங்கேயும் ஆர்.ஓ.தான். என் சமையலறைச் சுவரில் தொங்குவதற்குப் பெரியப்பா முறை.

அதாவது, அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவழித்து, வங்காள விரிகுடாவை உறிஞ்சி, மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரித்து, அந்த உப்பை மறுபடி கடலிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தைக் குழாயில் அனுப்புகிறது. அதை நான் மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறேன். ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் என் ஆர்.ஓ. பிடுங்கிவிடுகிறது. பிடுங்கிய கையோடு 7 கிலோ உப்பைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டு, நான் அதைப் பழையபடி வங்காள விரிகுடா ஆக்குகிறேன். ஆர்.ஓ. கழித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை கால்வாய்க்கு, கால்வாய் கடலுக்கு, கடல் நெம்மேலிக்கு. இந்தச் சுற்றில் யாராவது ஒருவர் ஓரிடத்திலாவது "போதும்" என்று சொல்லியிருக்கலாம். நெம்மேலியில் உப்பை எடுப்பதற்கு முன்பே எனக்கு 200 லிட்டர் கொடுத்திருந்தால் எல்லோருக்கும் வேலை மிச்சம். இதைச் சகலையிடம் சொன்னால், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்பார். ஆகவே சொல்லவில்லை.

தண்ணீர் இன்னும் முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் கூடத்தில் சாக்கடல் உருவாகும். அவ்வப்போது கொஞ்சம் கடலை வெளியே கொட்டிப் புதுக்கடல் மாற்றவும் வேண்டும். கொட்டியது எங்கே போகும் என்று மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

இத்தனைக்குப் பிறகாவது மீன் விடலாமா? கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு, மோட்டார் ஓட்டி, கரண்ட் பில் கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் எல்லோரும் "மீன் எங்கே?" என்று கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டவும் முடியாது.

பவளம் வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். 2001-இலிருந்து திட்டு கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடையில் பவளம் கேட்பதும் புலிக்குட்டி கேட்பதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். நான் பீங்கான் கல் போட்டுக்கொள்கிறேன்.

தொட்டியில் வளர்க்கும் கடல் மீன்களுக்கு 26 டிகிரி சுகம். மே மாதச் சென்னைக்கு 40 சகஜம். ஆகவே சில்லர் வேண்டும். சில்லர் தொட்டியின் சூட்டை எடுத்துக் கூடத்தில் விடும். கூடத்தில் நாங்கள் இருப்போம். "தொட்டியை ஏ.சி. ரூம்ல வெச்சுட்டு நாம கூடத்துல படுத்துக்கலாம், செலவு கம்மி" என்றாள் மனைவி. அது கேலியா, கணக்கா என்று இன்னும் விளங்கவில்லை.

இனி மீன். அண்ணன் மகளுக்கு நீமோதான், அதாவது கோமாளி மீன்தான், வேண்டுமாம். 2003-இல் வந்த நீமோ படத்தில் அம்மா மீன் செத்துப்போக, பின்னால் அப்பா மீன் பிள்ளையைத் தேடிக் கடல் கடக்கும். நிஜக் கோமாளி மீனில் அம்மா செத்தால் அப்பாவே பெண்ணாக மாறிவிடும். இதைச் சொன்னதிலிருந்து அந்தப் பெண் என்னோடு பேசுவதில்லை. போகட்டும், நான் வாங்கப்போவது வேறு மீன். அது...

கீழ் வீட்டுக்காரர் மணி அடித்தார். கடல்நீர் 205 கிலோ. கண்ணாடி, மணல், கல், மேசை எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். அத்தனையும் அவர் தலைக்கு மேலே. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தொட்டி உடைஞ்சா எங்க வீட்டுக்குத் தண்ணி வருமா சார்?"

வராது என்றேன்.

"வந்தா உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"

உப்புத்தான் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"நல்ல தண்ணியா இருந்தா ஒரு டிரம் வெச்சிருப்பேன். லாரிக்குச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டிருக்கோம் சார்."