பாவம், பேட்டரி

மாருதி 800 தயாரிப்பை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு வண்டிக்கு அந்தத் தகவலை இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது, ஸ்டார்ட் ஆனால் ஓடும். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பால்காரர் முதல் எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார் வரை எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு: “பேட்டரி போச்சு சார்!”

வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டாலும் பழி குடும்பத் தலைவன் மேல். வண்டிக்குள் அந்தப் பதவி பேட்டரிக்கு. அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் இனப்பாசம் உண்டு. அதற்காக வாதாட ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

மல்டிமீட்டர் வாங்கிய ஆண்பிள்ளை சும்மா இருக்கமாட்டான். டிவி ரிமோட், சுவர்க்கடிகாரம் என்று செல் போட்ட சாமான் ஒன்றையும் விடவில்லை. “அதைத் தூக்கிக்கிட்டு ஸ்விட்ச் போர்டு பக்கம் போனீங்கன்னா...” என்று மனைவி பாதியில் நிறுத்தியதால் வண்டிப் பக்கம் வந்தேன்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆறு செல், செல்லுக்கு 2.1. முழு சார்ஜ். மனைவியை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அப்போதும் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. கட்சிக்காரர் நிரபராதி! அடுத்து, மீட்டரின் ஒரு முனையை எஞ்சின்மேலும், இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். 0.2-க்குள் இருக்க வேண்டியது மூன்றைத் தாண்டியது. எர்த்தில்தான் கோளாறு.

செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். ஓம் விதியைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டவன் நான். அது பானட்டுக்குள் குடியிருக்கிறது என்று அந்த வாத்தியார் சொல்லவே இல்லை.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைக்கூட மன்னிக்கலாம். அதில் தொங்கிய ஒயர்கள் இருக்கின்றனவே! எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு ஆசைப்பட்டிருக்கிறார்கள், ஆசைக்கொரு ஒயர். ஒன்று ஃபாக் லாம்ப்புக்கு, லாம்ப் இல்லை. ஒன்று ரிவர்ஸில் பாட்டுப் பாடும் ஹாரனுக்கு. பாட்டு நின்று காலமாகிறது. இன்னொன்று ஆம்ப்ளிஃபயருக்காக டிக்கிவரை போய், கார்ப்பெட்டுக்கு அடியில் முனையைத் திறந்துகொண்டு, உயிரோடு படுத்திருந்தது. இன்சுலேஷன் டேப்பை உரித்தால் விரலெல்லாம் பிசுபிசு. அதற்குள் இன்னொரு டேப். அதற்குள் கையால் முறுக்கிவிட்ட, நிறமும் தடிமனும் ஒத்துப்போகாத இரண்டு ஒயர். எதிலும் ஃபியூஸ் கிடையாது. ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒயரைக் காப்பாற்ற. ஆகவே பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இருக்கையில் ப்ளஸைத் திருகி, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். என் கையில் இருக்கும் ஸ்பேனர் எதிலாவது படாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை என்பதால் இந்த விதியைப் பயபக்தியோடு கடைப்பிடித்தேன்.

பூத்ததைக் கழுவ ஆப்ப சோடா கேட்டேன்.

“எவ்வளவு?”

“டப்பாவோட குடு.”

வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியது. பச்சை போயிற்று. கூடவே ஞாயிற்றுக்கிழமை ஆப்பமும் போயிற்று.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில் பாதி இழை அறுந்து, போல்ட்டுக்கு அடியில் துரு. சென்னை ஜி.பி. ரோட்டில் 25 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிளும், அதன் முனையில் மாட்டும் லக்கும் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “லக்கை வீட்ல சுத்தியால அடிப்பீங்களா சார்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்திக் கொடுத்துவிட்டார். பார்த்தாலே தெரிகிறது போலிருக்கிறது.

போகிற போக்கில் ஹெட்லைட்டுக்கு ரிலேவும் போட்டேன். இரண்டு பல்புக்குமான ஒன்பது, பத்து ஆம்பியரும் அதுவரை மெல்லிய ஒயரிலும் பழைய ஸ்விட்சிலும் சுற்றி வந்துகொண்டிருந்தன. இப்போது பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேரே போகிறது. அன்று ராத்திரி வெளிச்சத்தில், தாசில்தார் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்று எழுதியிருப்பது தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் நிறுத்துகிறேன்.

பேட்டரி பழையதேதான், சாவியைத் தொட்டால் எஞ்சின் எழுந்துகொள்கிறது. உங்கள் பழைய வண்டியும் ‘டிக்’ என்றால், புதுப் பேட்டரிக்குப் பணம் எடுக்குமுன் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்துப் பாருங்கள். ஓர் உப்புத்தாள் போதும். ஆப்ப சோடாவை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.