கோ, வென்ட், கான்

‘கோ’ என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்குப் ‘போ’ என்று பொருள். அதற்கு மூன்று வடிவங்கள்: கோ, வென்ட், கான். முதலாவதும் மூன்றாவதும் தூரத்துப் பங்காளிகள்போல முகச்சாடையில் கொஞ்சம் ஒத்துப்போகும். நடுவில் நிற்பது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இப்படி ‘எட்’ விகுதியை ஏற்காமல் தன்னிஷ்டத்துக்கு இறந்தகாலம் காட்டும் வினைகளை ஒழுங்கற்ற வினைகள் என்கிறது ஆங்கில இலக்கணம். ஒழுங்கற்றது வினையல்ல, அதைப் படிக்க வந்தவர்தான் என்பதுபோல் பள்ளிக்கூடங்களில் ஒரு தொனி நிலவுவதுண்டு. இலக்கணத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

இவ்வினைகளைக் கற்பிப்பது வாய்பாட்டு முறையில். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரானாலும் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையானாலும் ஏற்பாடு ஒன்றுதான்: மூன்று பத்தி போட்ட அட்டவணை, உரத்த குரல், ஈரெண்டு நாலு ராகம். கோ வென்ட் கான், கம் கேம் கம், ஈட் ஏட் ஈட்டன். மூன்று பத்தியிலும் மாறாத வினைகள் வரும்போது வகுப்பில் உற்சாகம் கூடும். கட் கட் கட் என்பது கரும்பு வெட்டும் சத்தம். புட் புட் புட் என்பது கிணற்றுமேட்டில் டீசல் இன்ஜின் ஓடும் சத்தம். இந்த இரண்டையும் மறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை அநேகமாக இருக்க முடியாது. தொல்லை தருவது கோ மாதிரி வேஷம் மாற்றுகிறவைதான்.

கோவின் மூன்று வடிவங்களையும் நினைவில் நிறுத்தத் தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது. கோ என்றால் அரசன். வென்ட் என்பதன் கடைசி ஒலியைக் கொஞ்சம் இளக்கினால் வெந்து. கான் என்றால் காடு. மகனைக் கானுக்கு அனுப்பிவிட்டு மனம் வெந்த கோமகன் கதை, அதாவது அயோத்தியா காண்டம், மூன்றே சொல்லில் முடிந்துவிடுகிறது. கோவுக்குப் பசு என்றும் பொருள் உண்டு. கல்வராயன் மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றின் பெயரில் இருப்பது அந்தக் கோ. ஆனால் பசுவை வைத்து இந்தக் கதையைச் சொன்னால் விபரீதமாகிவிடும். அரசனோடு நிறுத்திக்கொள்வது ஊருக்கு நல்லது.

நடுப்பிள்ளையான வென்ட் உண்மையிலேயே சுவீகாரப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் வெண்டு என்றொரு வினை இருந்தது. திரும்பு, வழி பிடித்து நட என்று அதற்குப் பொருள். செண்டுக்கு சென்ட், லெண்டுக்கு லென்ட், பெண்டுக்கு பென்ட் என்பதுபோல வெண்டுக்கு வென்ட். சொந்த வீட்டில் அது அண்ணன் தம்பிகளோடு ஒழுங்காக வளர்ந்த பிள்ளை. கோவுக்கு அந்நாளில் வேறொரு இறந்தகாலம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அது வழக்கொழிந்துபோக, பக்கத்து வீட்டு வென்டைக் கோ எடுத்து வளர்த்துக்கொண்டது. பெற்ற பிள்ளையைத் தாரை வார்த்த வெண்டு, ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு ஓரமாகப் போய்விட்டது. இந்தக் குடும்பத்துப் பெண்டு மட்டும் கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு சைக்கிள் கடைகளில் நிலைபெற்றிருக்கிறது. ‘ரிம் பெண்டு ஆயிடுச்சு’ என்கிறவர்கள் ஒரு பழைய ஆங்கிலக் குடும்பத்தை ஆதரித்து வருகிறார்கள்.

இனிப் பயன்பாடு. முதல் வடிவமான கோ, வழக்கமாக நடப்பதைச் சொல்ல வரும். அவன், அவள், அது என்று படர்க்கை ஒருமை வந்தால் ஒரு ‘ஸ்’ ஒட்டி, கோஸ். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதியை மூச்சுவிடாமல் சொல்கிற வாய்க்கு, ஆங்கிலத்தில் மொத்தமே ஒரு ‘ஸ்’தான் வேலை. அந்த ஒன்றுதான் மறந்துபோகிறது.

இதே முதல் வடிவம்தான் ‘டிட்’ என்னும் துணைவினைக்குப் பின்னும் வர வேண்டும். பெரும்பாலான விபத்துகள் நடக்கும் திருப்பம் இது. ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதி, சிவப்பு மையில் சுழிக்கப்படாத நோட்டு அரிது. நடந்துமுடிந்த விஷயம், ஆகவே இறந்தகாலம், ஆகவே வென்ட் என்று எழுதுகிறவர் நினைக்கிறார். எண்ணம் நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கை டிட் ஏற்கெனவே தீர்த்துவிட்டது. வென்ட் போடுவது, கடையில் ரொக்கம் கொடுத்துவிட்டு அதே சாமானைக் கடன் நோட்டிலும் எழுதச் சொல்வது.

வேடிக்கை என்னவென்றால், இந்த விதி தமிழருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ‘போனான்’ என்பதற்கு எதிர்மறை ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று பால் பல் விழாத பிள்ளைகூடச் சொல்லாது. இல்லை வந்ததும் போனான் தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறான். டிட் வந்தால் வென்ட் வெறும் கோ ஆவதும் இதேதான். ஆகவே ‘டிட் நாட் வென்ட்’ என்பதற்குத் தாய்மொழியைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லை. கேள்வி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் சலுகை தரலாம். ‘போனானா?’ என்று தமிழ் இறந்தகாலத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் ஆகாரத்தைத் தொங்கவிட்டுக் கேட்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘டிட் ஹி வென்ட்?’ என்று நழுவுகிறவர்மேல் குற்றம் பாதிதான்.

இரண்டாவது வடிவமான வென்ட், தனியாக நிற்கும். துணை வேண்டாம், ‘ஸ்’ வேண்டாம், ஆண் பெண் பேதம் கிடையாது. அது கேட்பது ஒரு தேதி மட்டும். சொல்லாவிட்டாலும் மனத்தில் ஒரு தேதி இருக்க வேண்டும்: நேற்று, போன பொங்கலுக்கு, 1993-ல்.

1993 என்ற ஆண்டைச் சும்மா சொல்லவில்லை. களமருதூர் அதுவரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி மாவட்டத்தைப் பிரித்ததும் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தையும் பிரித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தொடங்கினார்கள். களமருதூர் அங்கே போனது. இத்தனைக்கும் ஊர் ஓர் அடி நகரவில்லை. வயல் வரப்பு அங்கேயே, ஏரிக்கரை அங்கேயே; விலாசத்தின் கடைசி வரி மட்டும் பயணம் செய்தபடி இருக்கிறது. போ என்ற வினையின் எல்லாக் காலங்களையும் விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். ‘களமருதூர் வென்ட் டு விழுப்புரம் இன் 1993’ என்பது சரியான வாக்கியம். ‘களமருதூர் டிட் நாட் கோ எனிவேர்’ என்பது அதைவிடச் சரியான வாக்கியம்.

மூன்றாவது வடிவமான கான், தனியாக வெளியே கிளம்பாது. ஹேவ், ஹேஸ், ஹேட் ஆகிய மூவரில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். தமிழில் அந்த வேலையை ‘இரு’ செய்கிறது: போய்+இருக்கிறது, போயிருக்கிறது. ‘களமருதூர் ஹேஸ் கான் டு கள்ளக்குறிச்சி டிஸ்ட்ரிக்ட்’ என்றால், எப்போதோ போனது, அதன் விளைவு இன்றைக்கும் செல்லுபடியாகிறது, மனு எழுதினால் கள்ளக்குறிச்சி ஆட்சியருக்குத்தான் எழுத வேண்டும் என்று பொருள். இந்த வாக்கியத்தில் ‘இன் 2019’ என்று சேர்க்கக் கூடாது. வென்ட் தேதி கேட்கும், ஹேஸ் கான் தேதியைக் கண்டால் முகம் சுளிக்கும். தமிழ் ‘இரு’வுக்கு அந்தக் கறார் கிடையாது. ‘நேத்து ராத்திரியே போயிருக்கான்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அதே தாராளத்தில் ‘ஹி ஹேஸ் கான் எஸ்டர்டே’ என்று எழுதும்போதுதான் மதிப்பெண் குறைகிறது.

ஹேட் கான் என்பது போயிருந்தது. இரண்டு பழைய சம்பவங்களில் எது மூத்தது என்று காட்டுவது அதன் வேலை. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தபோது களமருதூர் ஏற்கெனவே ஒரு தடவை விழுப்புரம் போயிருந்தது: அந்தப் போயிருந்ததுதான் ஹேட் கான். ‘வில் ஹேவ் கான்’ என்றொரு வடிவமும் உண்டு. அதற்கு உதாரணம் எழுத அடுத்த மாவட்டப் பிரிப்பு வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

கான் விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் விழுகிற பள்ளம். ‘அண்ணன் சென்னை போயிருக்கார்’ என்றால் ஆள் வீட்டில் இல்லை. ‘அண்ணன் காசிக்கெல்லாம் போயிருக்கார்’ என்றால் போய்த் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ் இரண்டுக்கும் ஒரே போயிருக்காரை வைத்துச் சமாளித்துவிடுகிறது. அந்த ‘எல்லாம்’ போன்ற சில்லறைச் சொற்களும் குரலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலம் பிரித்துவிட்டது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் ஹேஸ் கான். போய்வந்த அனுபவம் என்றால் ‘ஹேஸ் பீன்’. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு சென்னை’ என்று ஒருவர் சொன்னால், கண்டிப்பான இலக்கணப்படி அவர் இந்நேரம் சென்னையில் இருக்கிறார். நாற்காலியில் இருப்பது யார் என்று தேர்வுக் குழுதான் விசாரிக்க வேண்டும்.

அபூர்வமாக ஓரிடத்தில் இரு மொழிகளும் கைகோக்கின்றன. இறந்தவரைப் ‘போயிட்டார்’ என்பது தமிழ் வழக்கு. ஆங்கிலமும் கான் என்கிறது. அங்கே பீன் போட முடியாது.

இத்தனை தொல்லை தரும் வினைகள் ஏன் திருந்தவில்லை என்பதற்கு விடை இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2007-ல் நேச்சர் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றிருந்த 177 வினைகளை எடுத்துத் தேடியதில், இடைக்கால ஆங்கிலத்தில் 145 மட்டும் அப்படியே இருந்தன. இன்று மிச்சம் 98. அரிதாகப் புழங்கியவை மறதியால் ‘எட்’ போட்டுத் திருந்திவிட்டன. நாள்தோறும் நூறு முறை வாயில் வருகிறவை மறக்கப்படவில்லை, ஆகவே திருந்தவும் இல்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவை. கோ அவற்றில் ஒன்று. எல்லோருக்கும் வேண்டியவர்மேல் யாரும் நடவடிக்கை எடுப்பதில்லை.

தமிழிலும் இதே கதைதான். பவணந்தி முனிவரின் நன்னூல் இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளை ஒழுங்காகப் பட்டியலிடுகிறது: செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நில் நின்றான் ஆகும்போது, அதே ஓசையில் பிறந்த கல் கற்றான் ஆகிறான், சொல் சொன்னான் ஆகிறான். வா வந்தான், வருகிறான், வாரான் என்று ஆளுக்கொரு முகம் காட்டுகிறது. சா என்பதன் இறந்தகாலம் செத்தான். சாவிலிருந்து செத்து வருவதைப் புதிதாகப் படிப்பவருக்கு விளக்குகிறவர் பாதி செத்துவிடுவார். போ கூட யோக்கியமில்லை: போனான், போய், போயிற்று, போச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் கிரவுல் என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் வினைகளை ஏழு வகுப்புகளாகப் பிரித்து உட்கார வைத்தார். வா, தா, சா மாதிரியான சில, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் போல வகுப்புக்கு வெளியிலேயே நிற்க வேண்டியவை. வந்தான், செத்தான் என்பதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த தமிழர் யாரும் இல்லை. வென்டை மனப்பாடம் செய்த ஆங்கிலேயரும் இல்லை.

ஆங்கில வினைகளின் ஒழுங்கீனத்துக்குத் தமிழ்ப் பேச்சு கண்டுபிடித்த மருந்து ஒன்றும் உண்டு: பண்ணு. எந்த வினையையும் முதல் வடிவத்திலேயே பிடித்து வந்து பக்கத்தில் பண்ணுவையோ ஆகுவையோ நிறுத்திவிட்டால் காலம் காட்டும் பொறுப்பு அதன் தலையில். கட் பண்ணினான், டிரைவ் பண்ணுவான், பஸ் பிரேக் டவுன் ஆயிடுச்சு. டிரோவ், டிரிவன், பிரோக், பிரோக்கன் எதுவும் தேவைப்படவில்லை. களமருதூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாளைக்குப் புழங்கும் ஆங்கில வினைகளில் ஒழுங்கற்றது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் பண்ணு ஒழுங்காகப் பண்ணிவிடுகிறது. ‘ஸ்டக் ஆயிடுச்சு’ என்பதில் மட்டும் ஒரு மூன்றாம் வடிவம் எப்படியோ உள்ளே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘கோ பண்ணு’ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போவதற்கு இரவல் சொல் வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருப்பது ‘கோயிங்’. விடுப்புக் கடிதத்தில் ‘ஆஸ் ஐ ஆம் கோயிங் டு மை நேட்டிவ் பிளேஸ்’ என்று நிகழ்காலத் தொடர்வினையாக வந்து இது எதிர்காலத்தைச் சொல்லும். தமிழிலும் ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்பதால் இதில் யாரும் தவறு செய்வதில்லை. வாசற்படியில் மட்டும் இந்த வடிவம் செல்லாது. செருப்பை மாட்டிக்கொண்டு ‘போறேன்’ என்று சொன்னால் உள்ளேயிருந்து அம்மா, ‘போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வரேன்னு சொல்லு’ என்பார். அந்தக் கட்டளை ஆங்கிலத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டவர்கள் உருவாக்கியதுதான் ‘ஐ வில் கோ அண்ட் கம்’. இலக்கணப்படி அதில் பிழை கிடையாது. வில்லுக்குப் பின் கோவும் கம்மும் முதல் வடிவத்திலேயே இருக்கின்றன.