எதுக்கும் இருக்கட்டும் சித்தப்பா

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கோழி கூவுவதற்கு முன்பே நடை திறப்பவர் சித்தப்பாதான். முதலில் முருகன் படம். அடுத்து சர்க்கரை நோய்க்குக் கொய்யா இலை. மூன்றாவதாக வருவதுதான் வயிற்றைக் கலக்கும். யாரோ ஒரு திருடன் அவருக்கு அனுப்பிய மெசேஜ், எழுத்துப் பிசகாமல், நீல நிற லிங்க்கோடு. கீழே அவர் கைப்பட ஒரு வரி: "உண்மையா பொய்யா தெரியல. எதுக்கும் இருக்கட்டும்."

எதுக்கு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தாலும் செக்கைத் திருப்பிக் கொடுத்த மனிதர். அவருக்கு ஒரு நாள், "உங்கள் போன மாத பில் கட்டப்படவில்லை, இன்றிரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும்" என்று பத்து இலக்க செல் நம்பரோடு ஒரு மெசேஜ் வந்தது. தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பதே இரண்டு மாசத்துக்கு ஒரு தரம். போன மாத பில் ஏது? ரீடிங் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு இடிக்க வேண்டாமா? இடிக்கவில்லை. குரூப்பில் போட்டார். மதுரை அத்தை சாயங்காலமே அவசர அவசரமாக இட்லி மாவை அரைத்து முடித்துவிட்டு, மெழுகுவத்தியோடு ஒன்பதரைக்காகக் காத்திருந்தார்.

கல்யாணப் பத்திரிகை வந்த அன்றுதான் உச்சம். தெரியாத நம்பரிலிருந்து 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு ஃபைல். "யார் வீட்டுக் கல்யாணம்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்." அவ்வளவுதான், குரூப்பே பற்றிக்கொண்டது. கும்பகோணத்தார் பெண்ணுக்கு முடிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். முடிந்திருந்தால் எங்களுக்கு ஏன் நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை என்று இன்னொருவர் மூக்கைச் சிந்தினார். கும்பகோணத்தார் வேறு, "எங்க பொண்ணு இன்னும் படிச்சுக்கிட்டிருக்கா" என்று சண்டைக்கு வந்தார். ஃபைல் பெயரின் வாலை ஒருவரும் பார்க்கவில்லை. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். இதன் வாலில் ஏபிகே என்று இருந்தது. அது பத்திரிகை இல்லை, ஆப். தெரியாமல் தட்டி, கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால், உள்ளே உட்கார்ந்துகொண்டு நமக்கு வரும் ஓடிபியைப் படித்து வெளியே அனுப்பும். இவ்வளவையும் நான் மூச்சுவாங்கச் சொல்லி முடித்ததும் சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: "நான் தொடலையேடா, அனுப்பத்தானே செஞ்சேன்."

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவர் தொடவே மாட்டார். ராஜாவுக்கு முன்னால் சாப்பாட்டை ருசி பார்க்க ஆள் வைத்த மாதிரி, அறுபது சொந்தக்காரர்களை வைத்திருக்கிறார். ஒருவர் தட்டி ஒன்றும் ஆகவில்லை என்றால் அது உண்மையான மெசேஜ்.

மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்து இருக்கும், ஜி என்றால் அரசு, டி என்றால் பரிவர்த்தனை, எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம் என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொன்னேன். டைரியில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவருடைய வங்கியிலிருந்து நிஜமாகவே ஒரு ஓடிபி வந்தது. "கடைசியில டி இருக்கு, நல்ல மெசேஜ்தான்" என்று அந்த ஓடிபியைக் குரூப்பில் போட்டார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். கீழ்வீட்டு அம்மா பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவன், "பணம் அனுப்பறேன், கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க" என்றான். நமக்கு வரும் பணத்துக்கு எதற்கு பின்? போட்டுவிட்டார், பணம் போய்விட்டது. அழுதுகொண்டு மேலே வந்தவரை உட்காரக்கூட விடாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட வைத்தவர் சித்தப்பாதான். அந்த நம்பரை அத்தனை தடவை ஃபார்வர்ட் செய்து மனப்பாடம் ஆகியிருந்தது. சீக்கிரம் சொன்னதால் ஒரு பகுதிப் பணம் நடுவிலேயே முடக்கப்பட்டது. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு களை.

அந்த நல்ல நேரம் பார்த்து நான் கேட்டேன். "சித்தப்பா, சந்தேகமா எது வந்தாலும் எனக்கு மட்டும் அனுப்புங்க. ராத்திரி பன்னிரண்டானாலும் பார்த்துச் சொல்றேன். குரூப்ல போடாதீங்க."

"சரிப்பா" என்றார். உடனே குரூப்பில் போட்டார்: "சந்தேகமான மெசேஜ் எது வந்தாலும் உடனே இந்த நம்பருக்கு அனுப்பவும்." கீழே என் செல் நம்பர். என் பெயரை மட்டும் மறந்துவிட்டார்.

மதுரை அத்தை அன்றைக்கே என்னை பிளாக் செய்துவிட்டார்.