நூற்றுக்கு ஒன்று

கலிபோர்னியாவின் சான் ரமோனில் ஒரு வீட்டுக் கராஜ். மருமகன் மென்பொருள்காரர், மாமனார் கோயம்புத்தூர் பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து ஓய்ந்தவர். நடுவில், மூட மறுக்கும் ஒரு கொழுக்கட்டை அச்சு.

மருமகன்: 3டி பிரிண்டர் மேலதான் தப்பு மாமா. ஒரு பாதியில இருக்கிற நாக்கை நகலெடுத்து, 1 சதவீதம் பெருசாக்கி, அடுத்த பாதியில பள்ளமா வெட்டினேன். ஆட்டோகேடே 1982-ல இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலதான் பொறந்துச்சு. கம்ப்யூட்டர் கணக்கு தப்புமா? இந்த ஊர்ல வீட்டுக்கடன், சம்பள உயர்வு, ஓட்டல் டிப்ஸ் எல்லாமே சதவீதம்தான்.

மாமனார்: கணக்கு சரிதானுங்க மாப்பிள்ளை, நீங்க கேட்டதுதான் தப்பு. நாக்கு நீளம் 40 மில்லிமீட்டர், கனம் 4. நூத்துக்கு ஒண்ணு கூட்டினா நீளத்துல பக்கத்துக்கு 0.2 கிடைக்குது, கனத்துல வெறும் 0.02. இழையை உருக்கி இழுக்கிற இந்த மெஷினுக்குப் பக்கத்துக்கு 0.2 ஆச்சும் வேணும். அதான் நீளவாக்குல உக்காருது, கனவாக்குல சிக்குது. தையல்காரர்கூட லூஸை இஞ்சுலதானுங்க விடறார். மூலையை மையமா வச்சுப் பெருசாக்கியிருந்தா இன்னும் மோசம்: 100 மில்லி தள்ளியிருக்கிற பள்ளம் 1 மில்லி இடம் மாறியிருக்கும்.

மருமகன்: அச்சுத் தொழில்லயே சதவீதம்தானே போடறாங்க?

மாமனார்: அது சுருக்கத்துக்குங்க. வார்ப்பிரும்பு ஆறும்போது நூத்துக்கு ஏறக்குறைய ஒண்ணு சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் 1-லிருந்து 2.5 வரைக்கும். நீளமான இடம் நிறைய, குட்டையான இடம் கொஞ்சம். அதனால சதவீதம் பொருந்துது. அதுக்குன்னே கோடுகளைச் சித்த தள்ளித்தள்ளிக் கீறின ஸ்கேல் ஒண்ணு பேட்டர்ன்காரங்க வச்சிருப்பாங்க. துணிக்கடைக்காரன் கையில கிடைச்சா நஷ்டம்! இடைவெளி வேற சங்கதி. பிரிண்டர் விடற பிசிறு 4 மில்லி முகத்துக்கும் 40 மில்லி முகத்துக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒவ்வொரு முகத்தையும் ஒரே அளவு வெளிய தள்ளணும்.

மருமகன்: அப்படித் தள்ளற ஆஃப்செட்டும் போட்டேன். பூ வேலைப்பாடு வந்ததும் சாஃப்ட்வேர் முடியாதுன்னுடுச்சு. சதவீதத்துல பெருசாக்குற கட்டளை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல.

மாமனார்: எதுக்கும் தலையாட்டற ஆளை வேலைக்கு வச்சுட்டீங்க. 0.1 ஆரமுள்ள உள்வளைவை 0.2 தள்ளினா வளைவே காணாமப் போகும். அதைத்தான் அது சொல்லுது. சரி, பூவுக்கு எதுக்குங்க இடைவெளி? அங்க மாவுதானே போகுது! நாக்குக்கு மட்டும் விடுங்க. 0.1, 0.2, 0.3-ன்னு மூணு பள்ளம் தனியா அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணை எடுத்துக்கலாம். சதுர்த்திக்கு எத்தனை நாள் இருக்கு?

மருமகன்: நாளைக்குத்தான் மாமா.

மாமனார்: அப்பக் கையைக் கழுவிட்டு வாங்க, பிடிக்கலாம்.