டொக்டர் வேஷத்தில் ஒரு மனேஜர்

ஆரையம்பதியில் கொம்பனி இன்டர்வியூ வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பொழுதுபடுவதற்குள் வகுப்பெடுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். எல்லாரும் அதே மாதிரி இன்டர்வியூவுக்குப் போய் வெறுங்கையோடு வந்தவர்கள். வேலை கிடைத்தவனுக்கு எங்கே பேச நேரம்? அதனால் எங்கள் ஊரில் இந்தத் துறையின் அறிவு முழுவதும் கிடைக்காதவர்களிடம்தான் சேர்ந்து கிடக்கிறது.

எனக்கு வந்தது பெரிய மருந்துக் கொம்பனி ஒன்றில் மெடிக்கல் ரெப் வேலைக்கான அழைப்பு. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாதவர்களுக்கு டொக்டரின் அறைக்குள் நுழைய இருக்கும் இன்னொரு வழி அது. “கேள்வி கேட்டா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடி” என்றார் ஒரு அண்ணன். “யோசிச்சா போச்சு, டக்கெண்டு சொல்லு” என்றார் அடுத்தவர். மூன்றாமவர் சப்பாத்தைப் பற்றி மட்டும் பேசினார். வேலைக்கு எடுப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லையாம்.

கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அயன் பண்ணிய சேர்ட்டை இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கைக்குழந்தை போலக் காத்துக்கொண்டு போனேன்.

அங்கே குளிரூட்டிய அறையில் களுவாஞ்சிகுடிப் பொடியன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அன்டிபயோட்டிக் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காத்தான்குடித் தம்பி ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்தவரிடம் சிங்களத்தில் குடும்பக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உள்ளே மூன்று பேர். “இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?” என்பது முதல் கேள்வி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊர்க்காரனிடம் இதைக் கேட்கலாமா? 1978இல் சூறாவளி, 2004இல் சுனாமி, இடையில் முழுக்க யுத்தம். எங்கள் ஐந்தாண்டுத் திட்டங்களை நாங்களா போட்டோம்? “உங்கள் கொம்பனியில்தான் சேர்” என்று மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். மூவருக்கும் திருப்தி. எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

“பனடோலுக்கும் பரசிட்டமோலுக்கும் என்ன வித்தியாசம்?” அடுத்த கேள்வி. பனடோல் அவர்கள் மருந்துகூட இல்லை. சும்மா ஆழம் பார்க்கிறார்கள். நானோ பாமசியில் நின்ற மாமாவிடம் வளர்ந்தவன். மாமாவுக்குப் பேராசிரியர் சேனக பிபிலே என்றால் குலதெய்வம். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த 2,100 வகை மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்து, கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை எழுதுங்கள் என்று டொக்டர்மாரிடம் நின்றவர். 1977இல் கயானாவில் இறந்தார். சோறு தின்னும்போதுகூட மாமா இந்தக் கதையை விடமாட்டார். ஆகவே என் வாயில் தானாக வந்தது: “விலை, சேர்.”

2016 ஒக்டோபரில் அரசு 48 மருந்துகளுக்கு உச்ச விலை குறித்த சூடு ஆறாத நேரம் அது. அறையில் ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் தண்ணீர் குடித்தார்.

பிறகு நாடகம். தமிழ் தெரிந்த மனேஜர் கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி, கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இப்போது அவர் டொக்டர், நான் ரெப். “ரெண்டு நிமிசம் இருக்கு” என்றார் நிமிராமலே. அச்சு அசல்! அந்தக் கணத்தில் எனக்கு மட்டக்களப்பு டவுன் ஞாபகம் வந்து தொலைத்தது. டொக்டரைச் சனல் பண்ணிவிட்டு நம்பர் துண்டோடு அம்மா குந்தியிருக்க, டையும் கறுப்புப் பையுமாக ஒருவன் வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவான். “நோயாளி நாமளா, இவனா மனே?” என்பார் அம்மா, அவன் காதில் விழுகிற மாதிரி.

“டொக்டர், வெளிய நிறைய ஆக்கள் காத்திருக்காங்க. அவங்களப் பாருங்க, நான் மறுகா வாறன்” என்றேன்.

மனேஜர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஏதோ எழுதினார். நல்லது என்று எழுதியிருப்பார் என்று சில நாள் நம்பினேன்.

காத்தான்குடித் தம்பி வெளியே வந்து சொன்னார்: டொக்டர் கைபேசியை வைக்கும் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லையாம். வைத்ததும், “மகளுக்கு இப்ப சுகமா டொக்டர்?” என்று கேட்டாராம். மனேஜருக்கு மகள் இருப்பது எப்படித் தெரியும் என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்தவர் சொன்னாராம்.

வேலை அவருக்குத்தான். இப்போது மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் அவர் மோட்டார் சைக்கிள்தான். போன மாதம் டொக்டர் வாசலில் அம்மாவோடு இருந்தபோது வந்தார். வரிசை முழுக்க முறைத்தது. அவர் நேரே அம்மாவிடம் வந்து, “என்ன ஆன்ட்டி, கன நேரமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டினார்.

அம்மா அன்றைக்கு அவரைத் திட்டவில்லை. அவர் வெளியே வந்ததும் கூப்பிட்டு, “முழங்கால் நோவுக்கு சாம்பிள் ஏதும் வெச்சிருக்கிங்களா தம்பி?” என்று கேட்டார்.